தம்பியின் காலில் அப்பாவின் நடை

தொண்ணூற்றெட்டாம் வருஷம், அக்டோபர் மழை விட்டிருந்த ஒரு சாயந்திரம். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மணி ஆறு இருக்கும். இன்னும் விளக்குப் போடவில்லை. கீழே சந்தில் செருப்புச் சத்தம் கேட்டது. வலது கால் சரியாக விழுந்தது. இடது கால் தரையை உரசிக்கொண்டு பின்னாலேயே இழுபட்டு வந்தது. கேட் கொண்டி ஒருமுறை நழுவி, இரண்டாம் முறை திறந்தது. பிறகு குழறலாக ஒரு குரல் ஏதோ சொன்னது.

பேப்பரை மடியில் போட்டுவிட்டு அப்படியே இருந்தேன். அந்த நடை எனக்குத் தெரியும். அந்தக் குரலும் தெரியும். எங்கள் அப்பா வீட்டுக்கு வருகிற சத்தம் அது. அப்பா இறந்து அப்போது நாற்பது வருஷம் ஆகியிருந்தது.

மாடிப்படியில் பாதி இறங்கிப் பார்த்தேன். குழாயடியில் என் தம்பி கால் கழுவிக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை. "யார்டா வந்தது?" என்று கேட்டேன். அவன் நிமிர்ந்து பார்த்து, "யாரும் இல்லண்ணா, நான்தான்" என்றான். அந்தச் சில வார்த்தைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நாக்கு தடித்தவன் பேசுவதுபோல் வந்தது.

அப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். ராணுவ ஸ்டோரில் வேலை. நல்லவர், குடிக்காதபோது. ஆனால் நான் கல்லூரிக்குப் போன காலத்தில் குடிக்காத சாயந்திரம் என்று ஒன்று இருக்கவில்லை. கடைசி வருஷத்தில் நடை போய்விட்டது, பேச்சு போய்விட்டது, கை சூம்பிவிட்டது, குடிக்கிற கஞ்சி மூக்கில் ஏறியது. குடி உடம்பைத் தின்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு சாயந்திரம் கேட்டுக்கு வெளியே விழுந்தார். நான் உள்ளே இருந்தேன், இருபது வயது. விழுந்தபடியே ஏதோ ஒன்றைத் திரும்பத் திரும்பக் குழறிக்கொண்டிருந்தார். தெளிந்ததும் வரட்டும் என்று கேட்டைத் திறக்கவில்லை. அம்மா கடையிலிருந்து வந்து திறந்தபோது அவர் போய்விட்டிருந்தார். அம்மா குனிந்து அவர் முகத்தருகே மூக்கை வைத்துவிட்டு, "இன்னிக்கு வாடையே இல்லையேடா" என்றாள். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சவப்பெட்டி மூடுவதற்கு முன் பத்து வயதுத் தம்பியின் கையை வேதப்புத்தகத்தின்மேல் வைத்து, வாழ்நாளில் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். யாரும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை. நானாக வாங்கினேன்.

அந்தத் தம்பிக்குத்தான் இப்போது ஐம்பது வயது. ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் ஃபோர்மேன். கீழ் வீட்டில் அவனும் அவன் மனைவியும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாடியில் நான். மனைவியை இழந்தவன், கல்லூரியில் கெமிஸ்ட்ரி லெக்சரராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் சபையில் தம்பிக்குக் கனமான, நல்ல குரல். ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் அவன் வாசித்தால் பின் பெஞ்சில் இருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். நான் சபைக் கமிட்டியின் செயலாளர். சபையார் அப்பமும் ஒயினும் பகிர்ந்துகொள்கிற திருவிருந்தில் ஒயினை நிறுத்திவிட்டு வெறும் திராட்சைச் சாறு கொடுக்கவேண்டும் என்று வாதாடி அதைக் கொண்டுவந்தவனே நான்தான். மதுவை அவ்வளவு வெறுத்தேன்.

அந்தச் சத்தம் தினமும் வர ஆரம்பித்தது. ஆறு மணிக்கு டப், பிறகு சர்ரென்று ஓர் இழுப்பு. ஒவ்வொரு நாளும் அது தம்பிதான் என்று தெரியும். ஆனாலும் ஒவ்வொரு நாளும், கேட் திறக்கிற வரைக்கும், வருவது அவன் இல்லை என்றே தோன்றும். இதற்குக் காரணம் தேடினேன். படித்தவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. முடிவை முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு அதற்கு நிரூபணம் தேடுவான். வாடை வரவில்லையா? வாடை இல்லாத சரக்கும் இருக்கிறது. கொத்தமல்லி மெல்கிறான். தொழிற்சாலையிலேயே முடித்துவிட்டு வருகிறான். தம்பி குடிக்கிறான், சத்தியத்தை மீறிவிட்டான் என்று முடிவு செய்தேன்.

ஒருநாள் பஸ் ஸ்டாப்பிலிருந்து அவனைப் பின்தொடர்ந்தேன். அறுபது வயது மனிதன், மளிகைக் கடை மறைவிலும் விளக்குக் கம்பத்துக்குப் பின்னாலும் ஒளிந்து ஒளிந்து போனேன். வழியில் மூன்று ஒயின் ஷாப். மூன்றையும் அவன் திரும்பிப் பார்க்காமல் கடந்தான். வீட்டுப் பக்கமும் வரவில்லை. ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தான்.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன். அவன் அப்பாவின் கல்லறைக்கு எதிரே போய் நின்றான். பிறகு அந்த இடத்திலிருந்து அப்பாவின் குரல் எழுந்தது. குழறிய, கனத்த, ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கி விழுகிற குரல். அந்த வார ஞாயிறு வாசிக்கவேண்டிய வேதபாடத்தை அது வாசித்துக்கொண்டிருந்தது. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப. பிறகு ஒரு சிரிப்பு. உயரமான, நிற்காத சிரிப்பு. என் தம்பி அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. அவன் தோள்கள் குலுங்குவதைப் பார்த்தேன். கல்லறைக்குள் இருப்பவருக்கும் அவனுக்கும் நடுவில் ஏதோ பேச்சு நடக்கிறது, எனக்கு அங்கே வேலை இல்லை என்று தோன்றியது. ஓடாமல், ஆனால் வேகமாக, வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு வருவதற்குள் அந்தப் பயத்தையும் கோபமாக மாற்றிக்கொண்டேன். குடித்துவிட்டு அப்பா கல்லறையில் நின்று வேதத்தைக் கேலி செய்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. எல்லோரும் முன்னால் முழங்காலிட்டிருந்தோம். போதகர் பாத்திரத்தைத் தம்பியின் உதட்டில் வைத்தார். ஒரு வாய்தான். அவனுக்குப் புரையேறியது. மூச்சு அடைத்து, சாறு மூக்கு வழியாக வெளியே வந்து வெள்ளைத் துணியில் சிதறியது. இருமல் அடங்கியதும் அவன் சிரிக்க ஆரம்பித்தான். கல்லறையில் கேட்ட அதே சிரிப்பு. கையால் வாயைப் பொத்தினான். விரல்களுக்கு நடுவிலிருந்து அது வந்துகொண்டே இருந்தது. கண்களில் மட்டும் சிரிப்பு இல்லை. கண்கள் என்னைப் பார்த்து எதையோ கெஞ்சின. இதை இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு நான் பார்த்தது சிரிக்கிற வாயை மட்டும்தான்.

அந்த வாரமே கமிட்டிக்குக் கடிதம் எழுதினேன். மனந்திரும்பும்வரை அவனுக்குத் திருவிருந்து கொடுக்கக்கூடாது, வேதபாடமும் வாசிக்கவிடக்கூடாது. போதகர் தயங்கினார். "சார், நான் பக்கத்துல போய்ப் பேசிப் பார்த்தேன். வாடை ஒண்ணும் வரலையே" என்றார். "எங்க அப்பாவோட நான் இருபது வருஷம் இருந்தவன் ஐயா" என்றேன். செயலாளரே சொந்தத் தம்பிமேல் சொல்லும்போது யார் மறுப்பார்கள்? தம்பியைக் கூப்பிட்டு விசாரித்தபோது அவன் பேச முயன்றான். பதற்றம் ஏற ஏற நாக்கு இன்னும் அதிகமாகக் குழறியது. கடைசியில் அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு முடிந்தது.

அன்று சாயந்திரம் அவன் மனைவி மாடிக்கு வந்தாள். பள்ளிக்கூட டீச்சர், யாருக்கும் பயப்படமாட்டாள்.

"மாமா, நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவரு. அவரை ஊதச் சொல்லிப் பாருங்க. கொத்தமல்லி வாடைகூட வராது. சாம்பார் வாடைதான் வரும்."

"உனக்குத் தெரியாதும்மா. இதெல்லாம் மறைச்சுக் குடிக்கிறது."

"இருபத்திரண்டு வருஷம் பக்கத்துல படுத்திருக்கேன். எனக்குத் தெரியாம எங்க மறைப்பாரு? தலைகாணிக்குள்ளயா?"

நான் பேப்பரை எடுத்து விரித்தேன். அவள் இறங்கிப் போனாள்.

எங்கள் சபையில் விலக்கி வைக்கப்பட்டவன் கடைசி பெஞ்சில் உட்காரவேண்டும். திருவிருந்து தொடங்குவதற்கு முன் எழுந்து வெளியே போய்விடவேண்டும். என் தம்பி ஏழு மாதம் அப்படிப் போனான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அவன் முகம் தெரியாது. ஆனால் அவன் வெளியே போகிற சத்தம் தெரியும். டப், சர்ர். அமைதியான ஆலயத்தில் அந்தச் சத்தம் வாசல்வரை போய்த் தேய்ந்து மறையும். ஒவ்வொரு மாதமும் அந்த இழுப்பு நீண்டுகொண்டே வந்தது.

இன்னொன்றும் செய்தேன். அதுதான் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. கால் வரவில்லை என்று அவன் பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனபோது நானும் கூடப் போனேன். டாக்டர் பொதுவாக, "குடிப் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். தம்பி வாய் திறப்பதற்குள் நான் "உண்டு, ரொம்ப நாளா" என்றேன். தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். குடியால் நரம்பு கெட்டிருக்கிறது என்று மூன்று மாதம் வைட்டமின் ஊசி போட்டார்கள். அந்த மூன்று மாதத்தில் அவன் சட்டைப் பொத்தான் போடும் சக்தியை இழந்தான். தட்டிலிருந்து எடுக்கிற சோறு வாய்வரை வராமல் போனது.

ஒரு ஞாயிறு மதியம் அவன் மனைவி மாடிப்படி அடியில் நின்று, "மாமா, ஒரு நிமிஷம் வாங்க. ஒண்ணும் பேசவேண்டாம், வந்து பாருங்க, போதும்" என்றாள். தம்பி கட்டிலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். சட்டை போடவில்லை. வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கவேண்டிய சதையே இல்லை, குழி விழுந்திருந்தது. அவள் ஜன்னல் திரையை விலக்கினாள். வெயில் அவன் தோளில் விழுந்தது. தோலுக்கு அடியில் ஏதோ ஓடியது. ஒரு இடத்தில் துடித்து நின்றது. பிறகு மார்பில், பிறகு முழங்கைக்கு மேலே. தோலுக்குள் சின்னச் சின்ன உயிர்கள் நுழைந்துகொண்டு ஒன்றையொன்று தேடுவதுபோல் இருந்தது. அவனோ தூங்குகிறான். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"குடிச்சா இப்படி ஓடுமா மாமா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

நான் குனிந்து அந்தத் துடிப்பின்மேல் விரலை வைத்துப் பார்த்தேன்.

மறுநாளே நரம்பு நோய்க்குப் பேர்போன ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்து, குனிந்து உற்றுப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நாக்கு வாய்க்குள் சும்மா கிடந்தது. ஆனால் அதன் மேற்பரப்பு முழுக்க நெளிந்துகொண்டிருந்தது. பிறகு ஊசி டெஸ்ட். தசைக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி, அதன் மின்சாரத்தை ஸ்பீக்கரில் ஒலியாகக் கேட்கிறார்கள். நல்ல தசை ஓய்வில் இருக்கும்போது அமைதியாக இருக்குமாம். என் தம்பியின் கையிலிருந்து தகரக் கூரையில் மழை விழுவதுபோல் சத்தம் வந்தது. காலில் வைத்தார்கள். அங்கேயும் மழை. முதுகில் வைத்தார்கள். அங்கேயும். அந்த இருட்டறையில் நின்றுகொண்டு என் தம்பிக்குள் பெய்கிற மழையை முழுக்கக் கேட்டேன்.

அதற்கு ஏ.எல்.எஸ். என்று பெயர். தசைகளை இயக்குகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய். அறிவு கடைசிவரை தெளிவாக இருக்கும், மருந்தால் குணமாகாது என்று டாக்டர் சொன்னார். தம்பியையே நேராகப் பார்த்துச் சொன்னார். பிறகு, "குணமாக்க முடியாதுன்னா ஒண்ணும் செய்யமுடியாதுன்னு அர்த்தம் இல்ல. புதன்கிழமை வாங்க. எங்க ஆளுங்க எல்லாரும் ஒரே ரூம்ல இருப்பாங்க" என்றார்.

அந்தப் புதன்கிழமையை என்னால் மறக்க முடியாது. ஒரு நீள மேசை. அதைச் சுற்றி நரம்பு டாக்டர், கால் கை பயிற்சி கொடுப்பவர், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இளம்பெண், உணவு ஆலோசகர், மூச்சைப் பார்க்கிற நர்ஸ், குடும்பத்தோடு பேசுவதற்கென்று ஒரு அம்மா. நோயாளி ஒவ்வொரு அறையாக அலையவேண்டாம், இவர்கள் அவனைச் சுற்றி வருவார்கள். என் தம்பி நடுவில் உட்கார்ந்தான். நான் சுவரோரமாக நின்றேன். அவர்களுக்கு என்னைத் தெரியாது, நான் எழுதிய கடிதமும் தெரியாது. தெரியாமலேயே, ஒன்பது மாதமாக என் வீட்டு வாசலில் வந்துகொண்டிருந்த பேயை அவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து மேசைமேல் வைத்தார்கள்.

பயிற்சி கொடுப்பவர் தம்பியை நடக்கவிட்டுப் பார்த்தார். "பாதத்தைத் தூக்குற தசை போயிடுச்சு. அதான் விரல் தரையை உரசுது. செருப்பு இழுபடும்" என்றார். பாதத்துக்குப் பிளாஸ்டிக்கில் ஒரு தாங்கி அளவெடுத்தார். பேச்சுப் பயிற்சிப் பெண் கன்னடக்காரப் பெண், தமிழைக் கன்னடத்தில் குழைத்துப் பேசினாள். "சொல்ப தண்ணி குடிங்க அண்ணா" என்று ஒரு ஸ்பூன் கொடுத்து, அவன் தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தாள். புரையேறியது. "தண்ணிமாதிரி இருக்கறதுதான் ஃபர்ஸ்ட் கஷ்டம் ஆகும். கெட்டியா இருந்தா இறங்கும். முதல்ல எப்போ இப்படி ஆச்சு?"

தம்பி இடது கையால் காகிதத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதினான். திருவிருந்து.

அவள் அதை என்னிடம் நீட்டி என்னவென்று கேட்டாள். நான் விளக்கினேன். அவள் அடுத்து, "காரணமே இல்லாம சிரிப்பு வருதா? அழுகை?" என்று கேட்டாள். தம்பி தலையாட்டினான். அவள் எங்களைப் பார்த்து, "அது அவர் சிரிக்கிறதில்ல. மூளைல இருக்கிற பிரேக் போயிடுச்சு, அவ்வளவுதான். துக்கத்துல இருக்கும்போதுகூட வரும். யாரும் தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். தம்பி மனைவி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்போதுதான் டாக்டர் தன் காகிதங்களிலிருந்து நிமிர்ந்து, மிகச் சாதாரணமாகக் கேட்டார். "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கா? அப்பா, அம்மா? சிலருக்கு வம்சத்துல வரும்."

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அந்த அறையில் திடீரென்று அம்மா குனிந்தாள். மூக்கை அப்பாவின் முகத்தருகே வைத்தாள். இன்னிக்கு வாடையே இல்லையேடா.

சூம்பிய கை. கஞ்சி மூக்கில் ஏறுவது. குழறல். இழுபடுகிற கால், அதுவும் அதே இடது கால். ஒன்பது மாதமாக வாசலில் அப்பா நடக்கிறார் என்று நான் நினைத்தது என் மனப்பிரமை இல்லை. நிஜமாகவே அது அப்பாவின் நடைதான். அப்பா குடித்தார், அது பொய் இல்லை. ஆனால் கடைசி வருஷத்தில் குடித்தாரா என்று எனக்குத் தெரியாது. யாரும் முகர்ந்து பார்க்கவில்லை, அம்மாவைத் தவிர. "இருக்கலாம் டாக்டர்" என்று மட்டும் சொன்னேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இறந்தவரைப் பற்றி நிச்சயமாக எதுவும் சொல்லமுடியாது என்று அவர் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பின்தொடர்ந்து கல்லறைக்குப் போனது, கடிதம், டாக்டரிடம் சொன்ன பொய். அப்பா விழுந்தபோது கேட்டைத் திறக்காமல் இருந்ததையும் சொன்னேன். அதை அதுவரை எந்த மனிதரிடமும் சொன்னதில்லை. அவன் மனைவி பள்ளிக்கூட அட்டையில் எழுத்துகளைப் பெரிதாக எழுதிக் கொடுத்திருந்தாள். அவன் முஷ்டியால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டான். நான் சேர்த்துப் படித்தேன். ரொம்ப நேரம் ஆனது.

கல்லறைக்கு ஏன் போனான் என்று முதலில் சொன்னான். அங்கே யாருக்கும் கேட்காது, பாடம் வாசித்துப் பழகலாம் என்று.

பிறகு இதைத் தொட்டான். "கேட் எனக்குத் தெரியும். ஜன்னல்ல நின்னேன். அப்பா உன் பேரைத்தான் கூப்பிட்டார்."

நாற்பது வருஷம் ஒரே கூரைக்கடியில் இருந்திருக்கிறோம். அவன் இதை ஒருமுறைகூட என்னிடம் சொன்னதில்லை. சத்தியம் கேட்டபோது சத்தியம் செய்தான். கடைசி பெஞ்சுக்குப் போ என்றபோது போனான். அப்பா கூப்பிட்டது எனக்குப் புரியவில்லை, பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது.

அடுத்த வாரம் குடும்பத்தோடு பேசுகிற அம்மா தம்பியிடம், இனிமேல் வரப்போகிற நாட்களில் அவனுக்கு எது முக்கியம் என்று கேட்டார். மூச்சுக் கருவி வேண்டாம் என்று சொன்னான். சாப்பாட்டுக்கு வயிற்றில் குழாய் வைக்கலாம், ஆனால் இப்போது இல்லை, முதலில் ஒன்று நடக்கவேண்டும் என்றான். சபையில் எல்லோர் முன்னாலும் திருவிருந்து வாங்கவேண்டும். தண்ணீர்போன்றது எதுவும் தொண்டையில் இறங்காது. தப்பினால் நுரையீரலுக்குள் போய்விடும். அந்த ஆறு பேரும் இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கவில்லை. எப்படிச் செய்யலாம் என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள். உணவு ஆலோசகர் சாற்றைக் கெட்டியாக்க ஆரோரூட் மாவைச் சொன்னார். பயிற்சிக்காரர் எப்படி உட்காரவேண்டும் என்று காட்டினார். பேச்சுப் பயிற்சிப் பெண் என்னிடம் திரும்பி, "நீங்கதான் செய்யணும் சார். கை நடுங்கக்கூடாது" என்றாள்.

ஒரு மாதம் நான் திராட்சைச் சாற்றில் ஆரோரூட்டைக் கரைத்துக் காய்ச்சினேன். முதலில் கட்டி கட்டியாக வந்தது. பிறகு பசையானது. ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாமல், ஒரே திரளாக நழுவி விழவேண்டும். தம்பி நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தான். முப்பது வருஷம் பையன்களுக்கு லேபில் மார்க் போட்டவனுக்கு அவன் அட்டையில் மார்க் போட்டான். "பத்துக்கு மூணு." "பத்துக்கு நாலு, அடிப்பிடிச்ச வாசனை." எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றபோது, "மைக் வேண்டாம். உன் கிளாஸ் குரல் போதும்" என்று தொட்டான்.

அந்த ஞாயிறு அவனை நாற்காலியோடு முன்னால் கொண்டுபோய் வைத்தோம். நான் சபையைப் பார்த்து நின்றேன். மைக் இல்லாமல் சொன்னேன். என் தம்பி ஒருநாளும் குடித்ததில்லை, அவனை விலக்கிய கடிதத்தில் இருந்தது பொய், அந்தப் பொய்யை எழுதியவன் நான். அவன் சிரித்தால் அது நோய், அதற்காக யாரும் தலை குனியவேண்டாம். செயலாளர் பதவியை விட்டேன். போதகர் அந்தக் கெட்டியான சாற்றை ஆசீர்வதித்து என் கையில் கொடுத்தார். தம்பி நாடியை மார்புக்குத் தாழ்த்தினான். நான் அரை ஸ்பூன் வைத்தேன். தொண்டை எழும்பியது, நின்றது, இறங்கியது. இன்னொருமுறை விழுங்கினான். இருமல் வரவில்லை.

பிறகு சிரிப்பு வந்தது. கல்லறையில் கேட்ட அதே உயரமான சிரிப்பு, கூரைவரை போய் முட்டியது. யாரும் தலை குனியவில்லை. நான் அவன் வாயைப் பார்க்காமல் முதன்முறையாகக் கண்களைப் பார்த்தேன்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் அவன் போனான். வீட்டில், மனைவியின் கையைப் பிடித்தபடி, நான் கால்மாட்டில் உட்கார்ந்திருக்க. மூச்சு எப்படி எப்படிக் குறையும், பயப்படாமல் என்ன செய்யவேண்டும் என்று அந்த நர்ஸ் எங்களுக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்தாள். அப்படியே நடந்தது.

எனக்கு இப்போது எழுபது. சில மாதங்களாக என் இடது செருப்பு தரையை உரசுகிறது. டாக்டர் பார்த்துவிட்டு, "வயசு சார், ஆறு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்க்கலாம்" என்றார். எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கிற வாட்ச்மேன், நான் சாயந்திரம் நடந்துவிட்டு வருவதைப் பார்த்து, "பெரியவர் தினம் போட்டுக்கிறார்போல" என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. நான் நின்று திருத்தவில்லை. சந்து முனையிலிருந்து கேட்வரைக்கும் அந்தச் சத்தம் என்னோடு வருகிறது, டப், சர்ர், அப்பாவும் தம்பியும் நடந்த அதே நடை; இப்போதெல்லாம் கேட்டைத் திறந்ததும் உடனே சாத்துவதில்லை, பின்னால் யாராவது வரக்கூடும் என்று சற்று நேரம் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.